டியூப்புக்குள் சாம்பிராணி

சேசு மரி சூசை

மில்லர்புரம், தூத்துக்குடி
12-2-2025, புதன்

என் பாசமுள்ள மகள் ஏஞ்சலினுக்கு அம்மா எழுதுவது.

நீ அங்கே மஸ்கட்டில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நைட் டூட்டி முடிந்து வந்தால் நாலு மணி நேரமாவது கண்ணயர்ந்து, உடம்பு வாடாமல் இருக்கவேண்டும் என்று மாதாவிடம் சொல்லிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். இங்கே நானும் அப்பாவும் சுகம். ஜாய்சன் மாமாவும் எழுந்து நடமாடுகிறான், சாப்பிடுகிறான், எல்லாரையும் கேலி செய்கிறான், அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் நீ கடைசிப் பக்கத்துக்கு ஓடிப் பார்ப்பாய். ஆனால் வருகிற திங்கட்கிழமை திரும்பவும் கடலில் முங்கப் போகிறேன் என்று நிற்கிறான். போகலாமா கூடாதா என்பதுதான் இந்தக் கடிதத்தின் சங்கதி, அதற்கு முன்னால் நடந்ததை நீ தெரிந்துகொள்ளவேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு நம் வீட்டில் இருந்தவர்கள் நான், அப்பா, ஜாய்சன் மாமா, ரீனா அத்தை, மாமாவோடு வள்ளத்தில் போகிற செல்வதுரை, என்ஜின் பட்டறை பொன்னுதுரை அண்ணாச்சி, ஆக ஆறு பேர். வேறு ஈ காக்கை இல்லை. எதற்கு இப்படி எண்ணி எழுதுகிறேன் என்றால், அன்றைக்கு நடந்ததை நேரில் பார்த்தோம் என்று இப்போது திரேஸ்புரத்தில் அறுபது பேர் சொல்லுகிறார்கள், உன் வாட்சப்புக்கும் நாலு விதமாக வந்திருக்கும். நான் நோட்டில் மணி போட்டு எழுதினவள், நான் சொல்லுவதை மட்டும் நம்பு. போனில் சொல்லலாம் என்றால் உன் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிடும், உடனே அப்பா போனைப் பிடுங்கி ஹார்பருக்குக் கப்பல் வந்த கதையைப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். எழுதிவிட்டால் அப்பாவே பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்து உனக்கு அனுப்பிவிடுவார்கள்.

ஜனவரி 22-ஆம் தேதி மாமாவுக்குக் கடலில் மயக்கம் வந்தது, ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான் என்று மட்டும்தான் உனக்குச் சொல்லியிருந்தேன். அது பொய் இல்லை, பாதி. மீதிப் பாதி எனக்கே அப்போது தெரியாது. இப்போது தெரியும். மயக்கத்துக்குக் காரணம் நான். பதறாதே, வரிசையாக எழுதுகிறேன். துரு என்றால் எனக்குச் சாத்தானுக்கு அடுத்தபடி என்று உனக்குத் தெரியும். இந்த ஊரில் கேட்டின் கொண்டி போகிறது, பிரிட்ஜின் முதுகு போகிறது, கேஸ் அடுப்பின் கால் போகிறது, புதுசாக வாங்கின சைக்கிள் ஆறு மாதத்தில் கிழவனாகிவிடுகிறது. போன மழைக்கு முன்னால் மூன்று ஆணி எடுத்து ஒன்றைக் கடல்தண்ணீர் பாட்டிலில் முழுக விட்டேன், ஒன்றைக் குடிதண்ணீர் பாட்டிலில், மூன்றாவதைத் தினம் ஒருதரம் கடல்தண்ணீரில் நனைத்து நூலில் கட்டிக் கொல்லையில் தொங்கப்போட்டேன். பத்து நாள் தேதி போட்டுப் பார்த்தேன். தண்ணீரில் கிடந்த ரெண்டையும்விடக் காற்றில் தொங்கின ஆணிதான் பொரிந்து பொரிந்து உதிர்ந்தது. உப்பு மட்டும் தின்னாது, உப்பும் காற்றும் சேர்ந்தால்தான் தின்னும் என்று கண்டுபிடித்த சந்தோஷத்தில் வீட்டில் உள்ள அத்தனைக்கும் உறை தைத்தேன். தண்ணீர் மோட்டாருக்கு, வாஷிங் மெஷினுக்கு, குசினியில் கிரைண்டருக்கு. அப்பா சொன்னார்கள், ஏளா, அசையாம உக்காந்தா எனக்கும் ஒண்ணு தைச்சுப் போட்டிருவ போல என்று.

அந்தச் சூட்டிலேதான் மாமாவின் கம்ப்ரசரில் கை வைத்தேன். நீ சின்னப் பிள்ளையாக வள்ளத்தில் ஏறினபோது மாமா மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் சங்குக்கு முங்குவான். இப்போது வள்ளத்திலே ஒரு சின்ன பெட்ரோல் என்ஜின் ஓடும், அது கம்ப்ரசரைச் சுற்றும், கம்ப்ரசர் மேலே உள்ள காற்றை இழுத்து நீள டியூப் வழியாகக் கீழே தள்ளும், அந்த டியூப்பின் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு எட்டுப் பாகம், ஏறக்குறைய ஐம்பது அடி ஆழத்தில் சங்கு தேடுவான். அந்த என்ஜினும் கம்ப்ரசரும் ஒரே இரும்புச் சட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். டிசம்பரில் பார்க்கிறேன், சட்டம் முழுக்கத் துரு. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, உப்புத்தாள் தேய்த்து, பெயிண்ட் அடித்து, நம் மாதா கெபித் திருவிழாவுக்குக் கட்டின ஃபிளக்ஸ் ஒன்றைக் கமிட்டிக்காரர்கள் சாக்கடைப் பக்கம் போட்டிருந்தார்களே, மாதா படம் போட்டது, அது மிதிபடக் கூடாது என்று எடுத்து வைத்திருந்தேன், அதிலே உறை தைத்தேன். மாதாவின் முகத்தில் கத்திரி படாமல், தையலும் படாமல், ஒரு பக்கம் முழுக்கப் படம் வருகிற மாதிரி தைத்தேன். பார்த்தவர்கள் எல்லாம் கடையில் வாங்கினதா என்று கேட்டார்கள். ஒரே குறை, கம்ப்ரசர் காற்றை இழுக்கிற குழாய் கொக்குக் கழுத்து மாதிரி ஒரு ஆள் நெஞ்சு உயரத்துக்கு நின்றது, உறை இறங்கவில்லை. பொன்னுதுரை அண்ணாச்சியிடம் தூக்கிக்கொண்டு போய் அதை அறுத்துத் தாருங்கள் என்றேன். அவர் ஆக்சா பிளேடைக் கையில் வைத்துக்கொண்டு, தங்கச்சி, இது எதுக்கு இம்புட்டு ஒசரமா நிக்கின்னு தெரியாம அறுக்கப்படாது என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா, அண்ணாச்சி, அது வழியாத்தான் உப்புத்தண்ணி உள்ள இறங்குது, நான் ஆணி வச்சு சோதிச்சுப் பாத்தவ என்றேன். அவர் அறுத்துவிட்டார். நோட்டில் அன்றைய தேதிக்கு, குழாய் முக்கால் அடியாகக் குறைத்தது, உறை கச்சிதமாக உட்கார்ந்தது, தேவனுக்கு நன்றி, என்று எழுதியிருக்கிறேன். அந்த வரியை அழிக்கவில்லை. கிடக்கட்டும்.

என்ஜின் ஓடும்போது உறையை எடுத்துவிடவேண்டும் என்று செல்வதுரையிடம் சொல்லித்தான் கொடுத்தேன். அவன் கோயில் பிள்ளை. வள்ளத்தின் பலகை எப்போதும் ஈரமும் செதிலுமாக இருக்கும், எல்லாரும் மிதித்து நடக்கிற இடம். மாதா படத்தைக் கழற்றி அதிலே எப்படிப் போட முடியும்? அதனால் என்ஜினை இழுத்து ஸ்டார்ட் பண்ணுகிற பக்கத்தை மட்டும் தூக்கிச் செருகிவிட்டு, படம் உள்ள பக்கத்தை அப்படியே தொங்க விட்டே ஓட்டியிருக்கிறான். ஜனவரி முதல் வாரம் கருவாடு வாங்கக் கடற்கரைக்குப் போனபோது நானே என் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டு, இந்தப் பிள்ளைக்கு என்ன பக்தி என்று மனசு குளிர்ந்து வீட்டுக்கு வந்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. காற்று அடித்த நாளில் எல்லாம் ஒன்றும் ஆகவில்லை. 22-ஆம் தேதி காற்றே இல்லை, கடல் எண்ணெய் ஊற்றினது போலக் கிடந்ததாம். மாமா முங்கி அரை மணி நேரத்தில் டியூப்பை மூன்று தடவை இழுத்திருக்கிறான். அது தூக்கு என்பதற்கு அடையாளம். செல்வதுரை இழுத்துத் தூக்கினபோது தலை தொங்கிவிட்டதாம், கையில் பிடித்த சங்கை மட்டும் விடவில்லை. கரைக்கு வருகிற வரைக்கும் செல்வதுரை அவன் காதுக்குள்ளே பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே வந்திருக்கிறான்.

ஆஸ்பத்திரியில் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் போட்டுவிட்டு டாக்டர், புகை குடித்த மாதிரி இருக்கிறது, என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டார். செல்வதுரை அந்த அழுகையிலும், கடலுக்கு அடியில எவன் சார் அடுப்பு பத்த வச்சான் என்று கேட்டுவிட்டான். அதற்குப் பிறகு ஆளுக்கு ஒரு காரணம். ரீனா அத்தை, வெறும் வயிற்றோடு போனான் என்றாள். அப்பா, கலப்பட பெட்ரோல் என்றார்கள். ஒருத்தி வந்து மாமா கிறிஸ்மஸுக்குப் பாவசங்கீர்த்தனம் பண்ணாததை ஞாபகப்படுத்திவிட்டுப் போனாள். செல்வதுரை என்ஜினைக் கரையில் இறக்கி, உறையை எடுத்துவிட்டு ஓட்டி, டியூப் முனையை மோந்து பார்த்தான், ஒரு வாசமும் இல்லை, எல்லாம் நல்லாத்தான் இருக்கு என்றான். எனக்கு டாக்டர் சொன்ன புகை என்ற சொல் மனசை விட்டுப் போகவில்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருந்த இங்கிலீஷை எழுத்துக்கூட்டிப் பார்த்து, பரண்மேல் நீ விட்டுப்போன முதல் வருஷ நர்சிங் புத்தகத்தை இறக்கி, டிக்சனரியும் கையுமாக மூன்று மத்தியானம் உட்கார்ந்தேன். கார்பன் மோனாக்சைடு என்று போட்டிருக்கிறது. நிறம் கிடையாது, மணம் கிடையாது, என்ஜின் புகையோடு வரும், ரத்தத்தில் காற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மணம் கிடையாது என்றால் டியூப்பை மோந்து பார்த்து என்ன பிரயோஜனம்? அப்போதுதான் எனக்குத் தோன்றியது, வாசம் இல்லாததற்கு நாமே ஒரு வாசம் கொடுத்தால் என்ன என்று.

அதுதான் ஞாயிற்றுக்கிழமை நடந்தது. கம்ப்ரசரை லோடு ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவரச் சொன்னேன். கொல்லையில் துவைகல்லுக்குப் பக்கத்தில் வைத்தோம். டியூப்பைக் குசினி வழியாக, நடுவீடு வழியாக, வாசலுக்கு வெளியே தெருவில் வேப்பமரத்தடி வரைக்கும் இழுத்தோம். அந்த நேரத்தில் கடல்காற்று தெருப்பக்கம் இருந்து வீட்டுக்குள் வரும், கொல்லைப் புகை தெருவுக்கு வராது, அதற்காகத்தான் நாலு மணி வைத்தேன். கதவு ஜன்னல் எல்லாம் சாத்தி, டியூப் நுழைகிற சந்தில் துணி அடைத்தேன். வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு ரீனா அத்தையை உட்காரவைத்தேன். நாலு தெரு தள்ளி யார் வீட்டில் என்ன மீன் பொரிக்கிறார்கள் என்று சொல்லுகிற மூக்கு அது. முனையை வாயில் வைக்காதே, மூக்குக்குக் கொஞ்சம் தள்ளிப் பிடி, ஏதாவது வாசம் வந்தால் எழுந்து வா என்று மட்டும்தான் சொன்னேன். என்ன வாசம் என்று சொல்லவில்லை, எப்போது என்றும் சொல்லவில்லை, சொன்னால் இல்லாத வாசமும் வந்துவிடும். அவள், நான் என்ன போலீஸ் நாயா அண்ணி என்று முறைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதலில் உறை இல்லாமல் என்ஜினை ஓட்டினோம். தூபக்காலில் கங்கு போட்டு நிறையச் சாம்பிராணி தூவி, என்ஜின் புகை வருகிற சைலன்சருக்குப் பக்கத்தில் வைத்தேன். பதினைந்து நிமிஷம், அப்பா போனில் மணி பார்த்தார்கள். ரீனா அசையவில்லை. பொன்னுதுரை அண்ணாச்சி, தங்கச்சி, இன்னைக்கு ஞாயித்துக்கெழம, எனக்கும் வீடு வாசல் இருக்கு என்றார். ரெண்டாவது, செல்வதுரையைக் கூப்பிட்டு, கடலில் எப்படிப் போடுவியோ அப்படியே உறையைப் போடு என்றேன். அவன் ஒரு பக்கத்தைத் தூக்கிச் செருகினான், படம் உள்ள பக்கத்தைத் தொங்க விட்டான், பழக்கத்தில் கையை நெற்றிக்குக் கொண்டுபோய்ச் சிலுவை போட்டான். நாலு நிமிஷம் ஆகவில்லை. முன்கதவைத் தள்ளிக்கொண்டு ரீனா ஓடிவருகிறாள், ஏங்க, டியூப்புக்குள்ள எவன் பூசை வைக்கான், சாம்பிராணி குமுகுமுன்னு வருது என்று கத்திக்கொண்டு.

முதலில் எல்லாரும் சிரித்துவிட்டோம். பிறகு மாமா துவைகல்லில் உட்கார்ந்தான். உறை கூடாரம் மாதிரி புகையைப் பிடித்து வைத்திருக்கிறது, அறுத்த குழாய் அந்தக் கூடாரத்துக்கு உள்ளே நின்று அதையே இழுத்திருக்கிறது. நான் எல்லார் முன்னாலும் சொன்னேன், ஏலே ஜாய்சா, உறை தைச்சது நான், குழாய அறுக்கச் சொன்னது நான், தொங்க விட்டு ஓட்டுனதப் பாத்துட்டுச் சும்மா வந்ததும் நான், என்னைய மன்னிச்சிரு என்று. செல்வதுரை, இல்லக்கா, கழத்தச் சொல்லியும் கழத்தாதவன் நான்தான் என்றான். அண்ணாச்சி, அறுக்கப்படாதுன்னு தெரிஞ்சும் அறுத்தவன் நானுல்லா என்றார். மாமா மூன்று பேரையும் பார்த்தான். கொலகாரப்பயலுவளா, ஒரு ஆளக் கொல்ல இத்தன பேரா சேந்திய, அதுலயும் சண்ட போட்டுப் பங்கு கேக்கிய என்றான். சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டான். கை ஜில்லென்று இருந்தது.

அதோடு விடவில்லை. அண்ணாச்சி அன்றைக்கே பட்டறைக்குப் போய், முன்னால் இருந்ததைவிட ஒரு முழம் கூட உயரமாக, முனை வளைந்து கீழே பார்க்கிற மாதிரி, வலை கட்டின குழாய் போட்டுக் கொண்டுவந்தார். மழையும் அலையும் உள்ளே இறங்காது. சைலன்சருக்கும் ஒரு நீட்டுக் குழாய் வைத்து, புகை வள்ளத்துக்கு வெளியே போகிற மாதிரி திருப்பிவிட்டார். மூன்றாவது தடவை ஓட்டினோம். காற்று மாறினால் என்ன செய்வது என்று நான் டேபிள் ஃபேனை வைத்துச் சாம்பிராணிப் புகையைக் குழாய்ப் பக்கமாகவே விரட்டிப் பார்த்தேன். இருபத்தைந்து நிமிஷம், ரீனா தூங்கியே விட்டாள். அவளை எழுப்பி, ஒன்றும் வரலையா என்று மூன்று தரம் கேட்டேன். கொட்டாவிதான் வந்துச்சு என்றாள். அந்த ஃபிளக்ஸைத் துடைத்து மடித்துப் பங்குச் சாமியாரிடம் கொடுத்துவிட்டேன். மாதாவிடம் எனக்கு மனத்தாங்கல் ஒன்றும் இல்லை, மாதாவை மோட்டாருக்குச் சட்டையாக்கினது நான்தானே.

இனி சொல்லப்போகிறதைப் பெருமைக்குச் சொல்லுகிறேன் என்று நினைத்தாலும் நினைத்துக்கொள், பெருமைதான். திங்கட்கிழமை காலையிலே மாமா கடற்கரைக்குப் போய் மற்ற வள்ளத்துக்காரர்களைக் கூப்பிட்டு வைத்துச் சொல்லியிருக்கிறான். முங்கப்போய் மயங்கி வந்தவனை அங்கே என்ன பாடு படுத்துவார்கள் என்று உனக்குத் தெரியாது, கரையில இருந்து சங்கு பொறுக்குலே என்பார்கள். அவன் அதற்கெல்லாம் அசையாமல், ஆமா, விழுந்தவந்தான், எப்படி விழுந்தேன்னு வாங்க காட்டுதேன் என்று சொல்லியிருக்கிறான். என் தம்பி முத்து மாதிரி சங்கு எடுத்த நாளில்கூட எனக்கு இவ்வளவு நெஞ்சு நிமிரவில்லை. நேற்று மூன்று வள்ளத்துக்காரர்கள் கம்ப்ரசரோடு நம் வீட்டு வாசலில் நிற்கிறார்கள், சாம்பிராணி வச்சுப் பாருங்கக்கா என்று. மூன்றில் ஒன்றில் வாசம் வந்தது. குழாய் உயரமாகத்தான் இருக்கிறது, ஆனால் நடுவில் ஒரு விரிசல், அதன்மேல் துணி சுற்றி வைத்திருக்கிறார்கள். அந்த மனுஷனுக்கு மூன்று பெண் பிள்ளைகள். அவர் விரிசலையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா ஹார்பரில் எல்லாரிடமும், எம் பொண்டாட்டி கண்டுபிடிச்சா என்று சொன்னார்களாம். என்னிடம் சொல்லவில்லை, வேறு ஆள் வந்து சொன்னார். என்னிடம், சாம்பிராணி தீர்ந்துபோச்சே வாங்கணுமா என்று மட்டும் கேட்டார்கள். எட்டாம் வகுப்போடு நின்றவள் உன் புத்தகத்தைப் படித்துப் புரிந்துகொண்டேன் என்பதும், நான் செய்த தப்பை நானே பிடித்தேன் என்பதும் எனக்குள்ளே இருக்கிறது. செபமாலை சொல்லும்போது அதையும் சொல்லி நன்றி சொல்லுகிறேன்.

இனி கவலைக்கு வருகிறேன். மாமாவுக்கு இன்றோடு இருபத்தியோரு நாள். காலையில் எழுந்தால் தலைவலி இருக்கிறது, ரீனாவிடம் மறைக்கிறான், என்னிடம் மறைக்க முடியவில்லை. நேற்றுக் காபி குடித்துக்கொண்டே, யக்கா இன்னும் காபி போடலையா என்று கேட்டான். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன், அவன் சிரிக்கவில்லை. முன்னே எல்லாம் நூறு சங்கின் எடையை மனசில் கூட்டிச் சொல்லுவான், இப்போது பத்துக்கு மேலே நின்று யோசிக்கிறான். ஆஸ்பத்திரியில் ரெண்டு வாரம் ஓய்வு என்று சொன்னார்கள், அது முடிந்துவிட்டதாம், குழாயும் சரியாகிவிட்டதாம், திங்கட்கிழமை வள்ளம் போகிறதாம். இங்கே திரும்பவும் டாக்டரிடம் காட்டுவோம் என்றால், நல்லா இருக்கவன ஏன் படுக்க வைக்கிய என்று சண்டைக்கு வருகிறான். ரீனா அழுதாள், நான் காலைப் பிடிக்காத குறை. கடைசியில், ஏஞ்சலின் நர்சு, அவ சொல்லட்டும், அவ போகாதன்னா போகல, மத்த எவ சொன்னாலும் கேக்கமாட்டேன் என்று சொல்லியிருக்கிறான். குழாயை நான் பார்த்துவிட்டேன் மகளே. அவன் தலைக்குள்ளே பார்க்க எனக்குத் தெரியாது.

உன் வாஷிங் மெஷினில் தண்ணீர் போகவில்லை என்றாயே, மெக்கானிக்கைக் கூப்பிடாதே, கீழே முன்பக்கம் ஒரு சின்ன மூடி இருக்கும், கரண்டைப் பிடுங்கிவிட்டு, ஒரு தட்டு வைத்துத் திற, தலைமுடியும் ஊக்குமாகத்தான் அடைத்திருக்கும். அறையில் கேஸ் ஹீட்டர் ஏதாவது இருந்தால் ஜன்னலைச் சாத்தி வைத்துப் படுக்காதே. ஞாயிற்றுக்கிழமைப் பூசையை டூட்டியைச் சொல்லித் தவறவிடாதே. மாதா உன்னைத் தன் மேலங்கிக்குள் வைத்துக் காக்கட்டும், அப்பாவின் ஆசீர், என்னுடைய முத்தம்.

உன் வார்டு டாக்டரிடம் இந்தக் காலைத் தலைவலியையும் மறதியையும் அப்படியே சொல்லி, இவன் முங்கலாமா, எத்தனை நாள் கூடாது, இங்கே எந்த டாக்டரிடம் என்ன பரிசோதனை செய்யவேண்டும் என்று கேள். வாயால் சொல்லாதே, தமிழில் எழுதி உன் பெயர் போட்டு அனுப்பு, நான் அதை அவனிடம் காட்டவேண்டும். வள்ளம் திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்குக் கிளம்பும். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் எழுது.

உன் அம்மா
பா. ஞானசௌந்தரி